பாயின்ட் டூ டூ ரைஃபிளுக்கு ஸ்கோப்: 6-24×50 வாங்கலாமா?

புதுக்கண்ணாடி:
எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன், இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கேட்டகிரி ஏ துப்பாக்கி உரிமம் போன மாதம் வந்தது. சிஇசட் 457 போல்ட் ஆக்‌ஷன், .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டாவுக்கானது, வாங்கிவிட்டேன். இரும்பு சைட் இல்லாத மாடல், தொலைநோக்கி மாதிரி ஒரு ஸ்கோப் மாட்டினால்தான் குறிபார்க்க முடியும். அதனால் இப்போதைக்கு அது பெட்டகத்தில் பூட்டி வைத்த அழகான இரும்புக்குழாய், அவ்வளவுதான்.

சுடப்போகும் இடம் வின்செல்சி பக்கம் நண்பர் ஒருவரின் ஆட்டுப்பண்ணை. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற புண்ணியவான் முயல்களை அவிழ்த்துவிட்ட பார்வன் பார்க் அங்கிருந்து அதிக தூரமில்லை. அவர் விட்டதன் பேரன் பேத்திகள் எல்லாம் நண்பரின் வேலியோரம்தான் குடித்தனம். போகிற பக்கமெல்லாம் வளை. சாயங்காலம் வெயில் இறங்கியதும் வெளியே வரும். 30 முதல் 70 மீட்டருக்குள் சுட வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை கிளப்பில் 50 மீட்டர் காகித இலக்கும் உண்டு.

பட்ஜெட் துப்பாக்கி விலையில் பாதி. கடையில் 6-24×50 ஒன்று (6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மி.மீ.) நல்ல தள்ளுபடியில் கிடக்கிறது. "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்கிறார் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. வாங்கிவிடலாமா?

சுட்டபழம்:
24 மடங்கில் முயலின் மீசையை எண்ணலாம். எண்ணி முடிக்கும்போது முயல் ஜீலாங் போய்ச் சேர்ந்திருக்கும்.

வயல்வரப்பு:
தம்பி, வாங்க வேண்டாம். காரணத்தை ஆறுதலாகச் சொல்கிறேன். இருபது வருசமாக இதே விக்டோரியாவில் இதே முயலைத்தான் சுடுகிறேன்.

முதலில் பார்வைப் பரப்பு. 6 மடங்கு என்பதுதான் அந்த ஸ்கோப்பின் ஆகக் குறைந்த அளவு. சாதாரணமாக 6 மடங்கில் 100 மீட்டரில் ஐந்தரை மீட்டர் அகலம் தெரியும். உங்கள் முயல் நிற்பது 30 மீட்டரில். அங்கே ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். ஒரு கட்டில் நீளம்கூட இல்லை. முயலை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு ஸ்கோப்பைத் தூக்கினால் புல்லுத்தான் தெரியும். எந்தப் புல்லு என்று தேடுவதற்குள் அது வளைக்குள் போய்விடும். 3 மடங்கில் அதே 30 மீட்டரில் மூன்று மீட்டருக்கு மேல் தெரியும். தூக்கியவுடன் முயல் உள்ளே இருக்கும்.

இரண்டாவது வெளிச்சம். முன் கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 50ஐ 24ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர். மாலை மங்கலில் இளம் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை விரியும், என்னைப் போன்ற கிழட்டுக் கண் 5 தாண்டாது. 2 மி.மீ. வெளிச்சத்தை வைத்துக்கொண்டு சாம்பல் நிற முயலைச் சாம்பல் நிறப் புல்லில் தேடுவதா? 40 மி.மீ. கண்ணாடி, 9 மடங்கு என்றால் 4.4 வரும். என் வயதுக்கு அது காணும். 50 மி.மீ. கண்ணாடிதான் வெளிச்சம் என்று கடையில் சொல்வது அரை உண்மை.

மூன்றாவதுதான் பெரிய விசயம்: பாரலாக்ஸ். அந்த ஸ்கோப்பின் முன்வளையத்தில் (எந்தத் தூரத்துக்குப் பாரலாக்ஸைச் சரிசெய்வது என்று திருகும் வளையம்) இருக்கும் ஆகச் சிறிய எண் என்ன என்று வடிவாகப் பார்த்துச் சொல்லுங்கோ. மிச்சம் அதற்குப் பிறகு.

புதுக்கண்ணாடி:
நன்றி அண்ணா. இன்று மதியம் கடைக்குப் போய்ப் பார்த்தேன். 50 கஜம், 100, 200, 300, அப்புறம் அந்த எட்டைப் படுக்கவைத்த குறி. 50க்குக் கீழே எதுவும் இல்லை.

பாரலாக்ஸ் என்றால் பள்ளியில் படித்த "இடமாறு தோற்றப் பிழை"தானே? இரண்டு குண்டூசியை நிறுத்தி வைத்துத் தலையை இப்படி அப்படி ஆட்டிப் பார்ப்போமே? அதற்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சத்தியமாகப் புரியவில்லை.

அரைக்கிளிக்:
அதே குண்டூசிதான். ஒரு ஊசி இலக்கின் பிம்பம், இன்னொரு ஊசி ஸ்கோப்புக்குள் இருக்கும் குறுக்குக்கோடு. இரண்டும் ஒரே தளத்தில் விழுந்தால் தலையை ஆட்டினாலும் கோடு இலக்கைவிட்டு நகராது. வேறு வேறு தளத்தில் விழுந்தால் கண் நகரும்போது கோடு இலக்கின் மேல் வழுக்கும். எந்தத் தூரத்து இலக்கு கோட்டின் தளத்தில் விழ வேண்டும் என்பதைத்தான் தொழிற்சாலையில் செட் செய்கிறார்கள். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்பில் அது பெரும்பாலும் 100 கஜம், சிலதில் 150. ரிம்ஃபயருக்கென்று, அதாவது உங்கள் .22 மாதிரிச் சின்னத் தோட்டாவுக்கென்று, செய்வதில் 50 அல்லது 60. லூபோல்டின் ரிம்ஃபயர் மாடல் 60 கஜம், வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2-7×32 ரிம்ஃபயர் 50 கஜம்.

கணக்கு சுலபம். முன் கண்ணாடி விட்டத்தில் பாதி, பெருக்கல் தூர வித்தியாசம், வகுத்தல் செட் செய்த தூரம். 40 மி.மீ. ஸ்கோப், 100இல் செட் செய்தது, முயல் 50இல் என்றால் 20 × 50 ÷ 100 = 10 மி.மீ. முயல் 25இல் என்றால் 15 மி.மீ. கண் ஓரத்துக்குப் போன மோசமான நிலையில் வருகிற பிழை இது. கன்னத்தை ஒழுங்காகக் கட்டையில் பதித்தால் இதில் கால்வாசிகூட வராது.

புதுக்கண்ணாடி:
ஒன்றரை சென்டிமீட்டர்தானே? அதற்கா இவ்வளவு கூத்து?

அரைக்கிளிக்:
ஆஸ்திரேலிய 50 சென்ட் நாணயம் 31.5 மி.மீ. அகலம். முயலின் தலையில் உயிர் போகிற இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடுவிலிருந்து 15 மி.மீ. போனால் நாணயத்தின் விளிம்பு. துப்பாக்கியின் பிழை, தோட்டாவின் பிழை, உங்கள் கையின் பிழை எல்லாம் இன்னும் கணக்கில் சேரவில்லை.

வயல்வரப்பு:
அதுதான். காகிதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் ஒரு புள்ளி குறையும். முயலில் என்றால் தாடையுடைந்து வளைக்குள் போய் மூன்று நாள் கிடந்து சாகும். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதற்குமேல் சொல்ல விரும்பவில்லை.

50 கஜத்துக்குக் கீழே இறங்காத ஸ்கோப்பை 24 மடங்கில் வைத்து 30 மீட்டரில் பார்த்துப் பாருங்கோ. முயல் கஞ்சியில் விழுந்த மாதிரித் தெரியும்.

தென்தீவு:
நியூசிலாந்திலிருந்து. சென்ட்ரல் ஒட்டாகோவில் முயல் சுடுவது இங்கே பொழுதுபோக்கு இல்லை, கடமை. பாரலாக்ஸ் எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் தோட்டா போகும் பாதையைச் சொல்கிறேன். அது தெரியாமல் ஸ்கோப் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

.22 எல்ஆர் சப்சானிக் தோட்டா: 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். குழல் வாயை விட்டு வெளியேறும்போது வினாடிக்கு 326 மீட்டர் வாக்கில். ஒலியின் வேகத்துக்கு (20 டிகிரியில் 343) சற்றே கீழே. நான் அதைத்தான் போடுகிறேன், ஏனென்றால் இங்கே சைலன்சர் சட்டப்படி ஓகே. உங்கள் ஊரில் அது கிடையாது, தெரியும்.

ஸ்கோப்பின் நடு குழலின் நடுவுக்கு 4 செ.மீ. மேலே இருக்கிறது, 50 மீட்டரில் ஜீரோ பண்ணியிருக்கிறோம் (அங்கே கோடு காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்) என்று வையுங்கள்.

10 மீட்டரில் ஒரு செ.மீ. கீழே. இதைப் பலர் நம்புவதில்லை. பக்கத்தில் இருப்பதைச் சுட்டால் கீழே போகிறதே என்று ஸ்கோப்பைத் திட்டுவார்கள். தோட்டா ஸ்கோப்புக்குக் கீழேயிருந்துதானே கிளம்புகிறது!
25 மீட்டரில் ஒரு செ.மீ. மேலே, கொஞ்சம் கூட.
50இல் நேர்.
75இல் நாலு விரற்கடை கீழே, 8 செ.மீ. வாக்கில்.
100இல் ஒரு சாண் கீழே. 22, 23 செ.மீ.

இதைப் பார்த்தாலே புரியும். 60 மீட்டர் வரை குறுக்குக்கோட்டை நேராக வைத்துச் சுடலாம், இரண்டு மூன்று செ.மீ. முன்னே பின்னே. அதற்கப்பால் அது வேறு விளையாட்டு. காற்றும் சேர்ந்துகொள்ளும். மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்று 100 மீட்டரில் இந்தத் தோட்டாவை 10 செ.மீ. தள்ளும். ஹைவெலாசிட்டி, அதாவது அதிவேகத் தோட்டா, போட்டால் குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? கூடும். 15 செ.மீ. வாக்கில். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகிற தோட்டா காற்றின் எதிர்ப்பில் வேகத்தை விறுவிறுவென்று இழக்கும். கிளம்பியபோது இருந்த வேகத்தில் எவ்வளவு இழக்கிறதோ அதை ஒட்டித்தான் காற்றுத் தள்ளல்.

சுட்டபழம்:
"வேகமாகப் போனால் காற்று அதிகம் தள்ளும்." என் மச்சான் பைக் ஓட்டுவதைப் பற்றி அத்தை சொல்வதும் இதேதான்.

தென்தீவு:
😄 சரி, இன்னொன்று. புதியவர்கள் பிடிசி (தோட்டா கீழே இறங்குவதை ஈடுகட்டும் குறிகள்) என்று ஆசைப்படுவார்கள். நடுக்கோட்டுக்குக் கீழே இரண்டு மூன்று புள்ளி இருக்கும், இந்தப் புள்ளி 75க்கு, அடுத்தது 100க்கு என்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விலை குறைந்த ஸ்கோப்பில் பெரும்பாலும் கோடு பின் தளத்தில் இருக்கும். மடங்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் கோடு அதே அளவில் நிற்கும், இலக்கு மட்டும் பெருத்துச் சிறுக்கும். புள்ளிக் கணக்கு ஒரே ஒரு மடங்கில்தான் சரி, வழக்கமாக உச்சத்தில்.

நான் ஒரு தடவை 9 மடங்கில் பழகிவிட்டு, முயல் கிட்டே வந்துவிட்டதே என்று நாலரைக்குக் குறைத்தேன். அது திரும்ப ஓடி 75இல் நின்றது. வழக்கம்போல முதல் புள்ளியை வைத்து விசையை இழுத்தேன். அந்தப் புள்ளியின் அளவு அப்போது இரட்டிப்பாகிவிட்டது. காதுக்கு மேலே 8 செ.மீ. உயரத்தில் தோட்டா போனது. முயல் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி புல் மேய்ந்தது. அந்த அவமானத்தை இன்னும் மறக்கவில்லை.

முன் தளத்தில் கோடு இருக்கும் ஸ்கோப் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் விலை ஏறும், குறைந்த மடங்கில் கோடு தலைமுடி மாதிரி மெலிந்துபோகும். மாலை வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. முயலுக்கு நான் பின் தளம்தான் சொல்வேன்.

கொங்குக்காற்று:
கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்னக் குறுக்கீடு, மன்னிக்கவும். இங்கே நமக்கு .22 எல்லாம் எட்டாக்கனி. வேட்டையும் 1972 சட்டத்தோடு முடிந்தது. கையில் இருப்பது .177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். 2016 ஆயுத விதிப்படி 20 ஜூலுக்குள் இருப்பதால் உரிமம் தேவையில்லை. தோட்டத்தில் தகர டப்பா, காகிதம், அவ்வளவுதான். அண்ணன் ஒருவர் தன்னுடைய பழைய ரிம்ஃபயர் ஸ்கோப்பைச் சும்மா தருகிறேன் என்கிறார். மாட்டலாமா? ஏர் கன்னில் உதைப்பே கிடையாதே.

அரைக்கிளிக்:
தம்பி, மாட்டாதீர்கள்! ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் உதைப்பு இரண்டு பக்கம். உள்ளே பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும், பிஸ்டன் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னே எகிறும். சாதாரண ஸ்கோப்பின் உட்பாகங்கள் பின்னோக்கிய உதைப்பைத் தாங்கத்தான் கட்டியிருக்கும். முன்னோக்கிய எகிறலில் லென்ஸ் கழன்றுவிடும், கோடு சாய்ந்துவிடும். ஏர் கன்னுக்கென்று எழுதிய ஸ்கோப் வாங்குங்கள். அதோடு நீங்கள் சுடுவது 10 முதல் 25 மீட்டர். முன்வளையம் 10 மீட்டருக்கு இறங்க வேண்டும்.

புதுக்கண்ணாடிக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஏர் கன் ஸ்கோப்பை .22இல் தாராளமாக மாட்டலாம். ஹாக் மாதிரி நிறுவனங்கள் 3-9×40, முன்வளையத்தோடு செய்கின்றன. கிட்டத்துத் தூரத்துக்கு இறங்கும். கடையில் "ரிம்ஃபயர்" என்று எழுதிய அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்.

கொங்குக்காற்று:
நல்லவேளை கேட்டேன், ரொம்ப நன்றிங்க. இன்னொன்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அவர் ரைஃபிளில் என்ன ஸ்கோப் இருந்தது? டிவியில் சரியாகத் தெரியவில்லை.

வயல்வரப்பு:
ஸ்கோப்பே இல்லை! அது .22தான், தூரம் 50 மீட்டர்தான், புதுக்கண்ணாடி கிளப்பில் சுடப்போகும் அதே தூரம். ஆனால் ஒலிம்பிக் ரைஃபிளில் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி கூடாது. பின்னால் ஒரு துளை, முன்னால் ஒரு வளையம். நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ. அதை நின்று, முழங்காலில், படுத்து என்று மூன்று விதமாகச் சுட வேண்டும். 24 மடங்கு இல்லாவிட்டால் 50 மீட்டரில் அடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் இந்தப் பொடியனைக் காட்டுங்கோ.

அரைக்கிளிக்:
இங்கேதான் நான் அண்ணனோடு கொஞ்சம் முரண்படுகிறேன். குசாலேக்கு இருப்பது குசாலேயின் கை. நம்மில் முக்கால்வாசிப் பேர் மேசையில் மணல்மூட்டை வைத்து, உட்கார்ந்து, காகிதத்தைச் சுடுகிறவர்கள். அங்கே கூடுதல் மடங்கு வீண் இல்லை. நான் கனடாவின் ஆல்பர்ட்டாவில் 6-24தான் வைத்திருக்கிறேன். 50 மீட்டரில் துளையை நேராகப் பார்க்கலாம், எழுந்து தொலைநோக்கிக்குப் போக வேண்டாம். ஆனால் என்னுடையது முன்வளையத்துக்குப் பதில் பக்கக் குமிழ் வைத்தது, 10 கஜம் வரை இறங்கும். விலையும் அதற்கேற்ற மாதிரி, ரைஃபிளைவிட அதிகம். கடைக்காரர் காட்டும் தள்ளுபடி 6-24 இந்த ஜாதி இல்லை. பெரிய மடங்கை மலிவாகச் செய்தால் கண்ணாடியில்தான் மிச்சம் பிடிப்பார்கள்: 16க்கு மேல் போனால் பால் கலந்த மாதிரி.

வயல்வரப்பு:
சரி, மேசைக்கு ஒத்துக்கொள்கிறேன். பண்ணைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டுக்கும் ஒன்றே வேண்டும் என்றால் பண்ணைக்குத் தக்கதை வாங்கிக் கிளப்புக்குக் கொண்டுபோகலாம். மற்றப் பக்கம் நடக்காது.

புதுக்கண்ணாடி:
நீங்கள் இருவரும் சண்டை போட்டதில் எனக்குத் தெளிவு வந்துவிட்டது. 3-9×40, முன்வளையம் 10 கஜம் வரை இறங்குவது, 1 அங்குலக் குழாய். 30 மி.மீ. குழாய் வெளிச்சம் கூடத் தரும் என்று கடையில் மறுபடி ஒரு போடு போட்டார்கள்...

அரைக்கிளிக்:
தராது. 30 மி.மீ. குழாயில் உள்ளே திருகி நகர்த்த இடம் கூடுதல். 300 மீட்டர் சுடுகிறவனுக்கு அது வேண்டும், உங்களுக்கு வேண்டாம். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடிக்கும் ரிங் வாங்கும்போது மட்டும் கவனம்: 1 அங்குலம் என்றால் 25.4, ரிங்கும் அதே அளவு. அடியில் பிடிக்கும் பகுதி 11 மி.மீ. டவ்டெயிலுக்கு (துப்பாக்கியின் மேல்புறம் ரிங் கவ்வும் தடம்), சிஇசட்டின் மேல்புறம் அதுதான். வீவர் என்ற அகலமான வகை ரிங்கை வாங்கிக்கொண்டு வந்து "பிடிக்கவே மாட்டேங்குது" என்று இங்கே இழை திறப்பவர்கள் மாதத்துக்கு ஒருத்தர்.

உயரம் முடிந்த அளவு தாழ்வாக. 457இல் போல்ட் கைப்பிடி 60 டிகிரிதான் எழும். பழைய 455இல் 90 டிகிரி, அங்கேதான் கைப்பிடி ஸ்கோப்பின் பின்பக்கத்தில் முட்டும். உங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. 40 மி.மீ. கண்ணாடி குழலைத் தொடாமல் ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். உயரமான ரிங் போட்டால் கன்னம் கட்டையில் படியாமல் கழுத்தை நீட்டிப் பார்ப்பீர்கள். பாரலாக்ஸ் பற்றிப் பேசினோமே, கண் ஓரத்துக்குப் போவது இப்படித்தான்.

வயல்வரப்பு:
மாட்டுவது பற்றி நான் சொல்லியே தீர வேண்டும், ஏனென்றால் இதில் என்னைவிட முட்டாள்தனம் செய்தவன் இந்தத் தளத்தில் இல்லை.

என் முதல் ஸ்கோப், நல்ல பெயருள்ள கம்பெனி. ஆறு மாதம் ஒழுங்காக அடித்தது. பிறகு ஜீரோ அலைய ஆரம்பித்தது. காலையில் இடப்பக்கம் இரண்டு விரல், மாலையில் கீழே ஒரு விரல். மூன்று வகைத் தோட்டா மாற்றிப் பார்த்தேன். குழலைச் சுத்தம் செய்தேன். கடைசியில் ஸ்கோப் செத்துப்போச்சு என்று முடிவு செய்து, கிளப்பில் ஒருவருக்கு அரை விலைக்குக் கொடுத்தேன். புதிதாக ஒன்று வாங்கி மாட்ட அடி ரிங்கைக் கழற்றும்போதுதான் பார்க்கிறேன்: திருகு கையாலேயே சுற்றுகிறது. டவ்டெயிலில் தொழிற்சாலை எண்ணெய் அப்படியே இருந்தது, நான் துடைக்கவே இல்லை. அதில் ரிங் மெல்ல மெல்ல வழுக்கியிருக்கிறது. நான் விற்ற ஸ்கோப் அவரிடம் இன்றைக்கும் ஊசி மாதிரி நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்வார், அதுதான் கூடுதல் எரிச்சல்.

எனவே: டவ்டெயில், திருகு, ரிங்கின் உள்பக்கம் எல்லாவற்றையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கோ. மேல் மூடித் திருகை 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகவிடாதீங்கோ. குறுக்காக மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக. பலசாலி என்று காட்ட முறுக்கினால் குழாய் நசுங்கும்.

மட்டம் பார்க்க வேறு எதுவும் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு நூலை 25 மீட்டரில் கட்டித் தொங்கவிடுங்கோ, ரைஃபிளை ரசமட்டம் வைத்து நேராக்குங்கோ, ஸ்கோப்பைச் சுழற்றி நெட்டுக்கோடு நூலோடு பொருந்தியதும் இறுக்குங்கோ. கோடு சாய்ந்திருந்தால் 50இல் தெரியாது. 100இல் பக்கவாட்டில் போகும், நீங்கள் காற்றைத் திட்டுவீர்கள்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரமும் அப்படியே. 9 மடங்கில் வையுங்கோ, கண்ணை மூடித் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்து, பிறகு திறவுங்கோ. ஓரத்தில் கறுப்பு வளையம் இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். பண்ணையில் போடும் தடித்த குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு இதைச் செய்யுங்கோ. டீ-சட்டையில் செட் செய்துவிட்டு ஜூலைக் குளிரில் அந்தக் குளிர்ச்சட்டையோடு போனால் கண் பின்னால் நிற்கும்.

நெறியாளர்:
இழை நன்றாகப் போகிறது, குறுக்கிட மனமில்லை. இரண்டே நினைவூட்டல். ஸ்கோப்பால் ஆள், வண்டி, வீடு எதையும் "பார்க்க" வேண்டாம், அதற்குக் கழுத்தில் பைனாகுலர் இருக்க வேண்டும். .22 பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருக்கிறார்கள். முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லை என்றால் அந்த முயல் இல்லை.

புதுக்கண்ணாடி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். வாங்கி, மாட்டி, சுட்டாயிற்று.

தூக்குக்குண்டுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் மணல் நிரப்பிக் கட்டினேன். நண்பர், "என்ன, பூசையா?" என்று கேட்டார்.

போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாக 25 மீட்டர் காகிதத்தின் கறுப்பு வட்டத்தைப் பார்த்து, அசையாமல் ஸ்கோப் கோட்டை அதே வட்டத்துக்குத் திருகினேன். முதல் தோட்டாவே காகிதத்தில் விழுந்தது, மையத்துக்கு 4 செ.மீ. கீழே. அங்கே ஒரு தப்பு செய்தேன். பெட்டியில் "ஒரு கிளிக் கால் எம்ஓஏ" என்றிருந்தது (கிளிக் என்பது குமிழைத் திருகும் ஒரு படி, எம்ஓஏ ஒரு கோண அளவு, தூரம் குறைந்தால் நகர்வும் குறையும்). 100 மீட்டரில் அது 7 மி.மீ. சொச்சம் என்று மனதில் இருந்ததால் ஐந்து கிளிக் போட்டேன். தோட்டா ஏறியதே தெரியவில்லை. 25 மீட்டரில் ஒரு கிளிக் 1.8 மி.மீ.தான் என்று உறைத்தபோது காது சூடாகிவிட்டது. இருபதைத் தாண்டிப் போட்ட பிறகு நடுவுக்கு வந்தது. அப்புறம் 50க்குப் போய்க் கடைசி ஜீரோ.

இதில்தான் ஆச்சரியம். மொத்தப் பொதியாக வாங்கிய மலிவுத் தோட்டா 50 மீட்டரில் ஐந்து சூட்டுக்கு 38 மி.மீ. பரவியது. ஸ்கோப்தான் சரியில்லை என்று இங்கே புலம்பலாமா என்று யோசித்தேன். கிளப்பில் பக்கத்து மேசைக்காரர் தன்னுடைய எஸ்கே கம்பெனித் தோட்டா பத்து கொடுத்தார். 16 மி.மீ. அதே ஸ்கோப், அதே மேசை, அதே நான். ஆனால் தோட்டா மாறியதும் குரூப் (துளைகளின் கூட்டம்) முழுசாக ஒரு விரல் மேலே போய்விட்டது, மறுபடி ஜீரோ.

தென்தீவு:
இதை எல்லா .22காரர்களும் ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நாக்கு. சிசிஐ, ஈலி, எஸ்கே என்று நாலைந்து வகை ஒவ்வொரு பெட்டி வாங்கி ருசி காட்டுங்கள். பிடித்ததை ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்கி வையுங்கள்.

பண்ணை எப்படி?

புதுக்கண்ணாடி:
முதல் இரண்டு சாயங்காலம் ஒன்றும் சுடவில்லை. சூரியன் நேரே கண்ணாடிக்குள் அடித்தது. பின்பக்க லென்ஸில் என் மூச்சு பட்டு ஆவி பிடித்தது. உள்ளே நைட்ரஜன் அடைத்திருந்தாலும் வெளியே என் வாய்தானே!

மூன்றாம் நாள் மேட்டைச் சுற்றி வந்து, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி வேலிக்கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். 4 மடங்கு, முன்வளையம் 40இல். வளை வாயில் ஒன்று வந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டது. பின்னால் மண்மேடு. அப்புறம் போய் அடி அடியாக அளந்தேன், 42 மீட்டர். துடிக்கவே இல்லை.

9 மடங்கைப் பண்ணையில் ஒருமுறைகூடத் தொடவில்லை. கிளப்பில் 9 போதவில்லை என்று தோன்றியது உண்மைதான். அரைக்கிளிக் அண்ணா சிரிக்க வேண்டாம்.

அரைக்கிளிக்:
சிரிக்கவில்லை. இரண்டாவது ரைஃபிள் எப்போது என்று மட்டும் கேட்கிறேன்.

வயல்வரப்பு:
தூரக் கணக்கை எழுதி எங்கேயாவது ஒட்டியாச்சோ? குளிரில் மூளை வேலை செய்யாது.

புதுக்கண்ணாடி:
ஒட்டிவிட்டேன் அண்ணா. ஸ்கோப்பின் முன்மூடிக்கு உள்பக்கம், பிளாஸ்டரில் பேனாவால். 10: ஒரு செ.மீ. கீழே. 25: ஒரு செ.மீ. மேலே. 50: நேர். 75: நாலு விரல் கீழே. 100க்கு நேரே வெறும் கோடு. மூடியைக் கழற்றும்போதெல்லாம் கண்ணில் படும்.

சுட்டபழம்:
மூடியைக் கழற்றாமலே தோளில் ஏற்றி "ஏன்யா இருட்டிப்போச்சு" என்று கேட்டவர்களும் உண்டு. கிளப்பில், பதினைந்து பேர் முன்னால். பெயர் வேண்டாம், இந்த இழையில் நிறைய ஜோக் அடித்தவன்.